ஏழரை சதவீதத்தில் நம் பிள்ளைகள் எங்கே?



'ஏழரை' என்ற சொல்லைக் கேட்டாலே நம் நாட்டில் பலருக்கு அடிவயிறு கலங்கும். ஏழரைச் சனி பிடித்துவிட்டது என்று அஞ்சி, சகோதர சமயத்தவர் பலர் சனிக்கிழமைகளில் நமது இலத்தூருக்கு வந்து போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அது அவர்களது நம்பிக்கை. ஆனால் 2020ஆம் ஆண்டு முதல் தமிழகத்து ஏழைப் பிள்ளைகளுக்கு வேறொரு ஏழரை வந்திருக்கிறது. அது பிடித்தால் வாழ்வு! விட்டால் இழப்பு!

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்ற மாணவருக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் என்று சட்டம் செய்யப்பட்டு ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அடுத்த ஆண்டே, 2021இல், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே 7.5 சதவீதம் வந்தது. இந்த இடங்களில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தது.

இவ்வளவும் வந்துவிட்டது. நமது தெருக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேர் இதை மனதில் வைத்துத் தம் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தார்கள்? கடையில் சரக்கு விலை காலணா ஏறினால் மறுநாள் காலைக்குள் தெரிந்துகொள்கிற வியாபாரப் பெருமக்கள், பிள்ளையின் தலையெழுத்தை மாற்றுகிற ஒரு சட்டத்தைப் பற்றி ஏன் விசாரிக்கவில்லை?

இந்தக் கேள்வியை முதலில் நமக்குள் கேட்டுக்கொண்டு, பிறகு அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்.

சும்மா கிடைத்ததல்ல

இந்த ஏழரை எளிதில் வந்துவிடவில்லை. 2017இல் நீட் தேர்வு தமிழகத்தின் மீது இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். நீட் வந்த பிறகு அது 2 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது என்று நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் எடுத்துக்காட்டியது. தனிப் பயிற்சிக்கு இலட்சக்கணக்கில் கொட்டக்கூடியவனின் பிள்ளையும், தகப்பன் பீடி சுற்றிப் படிக்க வைத்த பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று ஓட வேண்டும் என்றார்கள். ஒருவன் காலில் செருப்பு. இன்னொருவன் காலில் முள்!

மாநில அரசு 2017இலேயே ஓர் ஆணை போட்டுப் பார்த்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு 85 சதவீத இடம் என்றது. அந்த ஆணையை உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதன் பிறகு நீதிபதி கலையரசன் தலைமையில் ஆணையம் அமைந்தது. பிளஸ் டூ படிக்கும் பத்துப் பேரில் நான்கு பேர் அரசுப் பள்ளியில் இருந்தும், மருத்துவ இடம் என்று வரும்போது விரல்விட்டு எண்ணும்படியே அவர்கள் நுழைகிறார்கள் என்ற உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. ஆணையம் 10 சதவீதம் தரலாம் என்றது. அமைச்சரவை 7.5 என்று முடிவு செய்தது.

2020 செப்டம்பர் 15 அன்று சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் மாளிகையில் அது படுத்துக்கொண்டது. ஒரு மாதத்துக்கு மேல் கையெழுத்து விழவில்லை. கலந்தாய்வு நெருங்குகிறது, ஏழைப் பிள்ளைகள் காத்து நிற்கிறார்கள். ஆளுங்கட்சி அமைச்சர்கள் நேரில் போய்க் கேட்டார்கள். எதிர்க்கட்சி தெருவில் இறங்கியது. கடைசியில் அக்டோபர் 29 அன்று அரசு தன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு அரசாணையாகவே வெளியிட்டது. மறுநாளே ஆளுநரின் ஒப்புதலும் வந்து சேர்ந்தது!

கவனியுங்கள் இளைஞர்களே! எதிரும் புதிருமான கட்சிகள் ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றதால் நடந்த காரியம் இது. கேட்காத பிள்ளைக்குப் பால் இல்லை என்பது பழமொழி. கேட்டும் தராதவரிடம் விடாமல் கேட்பது அரசியல்.

சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே இன்னொரு பாடமும் கிடைத்தது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்த சில ஏழை மாணவர்கள், கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போய், கைக்கெட்டியதை வாய்க்கு எட்டாமல் விட்டார்கள். செய்தி வெளியே வந்து கூக்குரல் எழுந்த பிறகுதான் கட்டணத்தை அரசே கட்டும் என்று முடிவானது. இடம் கொடுப்பது பாதி வேலை. அந்த இடத்தில் பிள்ளை உட்காரும்படி செய்வதுதான் மீதி வேலை.

2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் சொன்னது. ஐந்தாண்டு என்பது எவ்வளவு காலம்? ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்பை முடிக்கும் காலம். அவ்வளவுதான்.

நமக்குரிய கணக்கு

இப்போது வியாபாரிகளுக்குப் பிடித்த கணக்குக்கு வருவோம். தமிழகத்தில் 2007 செப்டம்பர் முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. நமது சமுதாயம் பல்லாண்டு போராடிப் பெற்றது அது. 7.5 சதவீதம் என்பது இந்த இட ஒதுக்கீட்டின் ஊடாகவே செல்வது. அதாவது ஒவ்வொரு வகுப்பாருக்கும் உரிய பங்கில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம்.

முதல் ஆண்டில், அதாவது 2020இல், இந்தச் சட்டத்தின்படி 313 எம்.பி.பி.எஸ். இடங்களும் 92 பல் மருத்துவ இடங்களும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்தன. 313இல் நூற்றுக்கு மூன்றரை என்று போட்டுப் பாருங்கள். சுமார் 11 வருகிறது. தமிழகம் முழுவதற்கும் 11 முஸ்லிம் பிள்ளைகள்! அவர்கள் அரசுப் பள்ளியில் படித்த, கையில் பணமில்லாத பிள்ளைகள். ஒரு பைசா கட்டாமல் மருத்துவராக வெளியே வரக்கூடியவர்கள்.

பதினொன்று என்பது சிறிய எண் என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஆண்டுக்குப் பதினொன்று என்றால் பத்தாண்டில் நூற்றுப் பத்து மருத்துவர்கள். ஒவ்வொருவரும் ஒரு தெருவையே தூக்கி நிறுத்துவார். ஆனால் தகுதி பெற்ற மாணவர் நம்மிடம் இல்லையென்றால் இந்தக் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடும். அரசு வாசலைத் திறந்து வைக்கலாம். உள்ளே நுழைய ஆள் வேண்டுமே!

நமக்குப் பங்கு கேட்பது இன்று நேற்று தொடங்கியதும் அல்ல. பழைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையின்படி கல்லூரிச் சேர்க்கையில் 14 இடங்களை ஓர் அலகாகக் கொண்டு பிரித்தபோது அதில் ஒன்று முஸ்லிம்களுக்கு என்று இருந்தது. செண்பகம் துரைராசன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. அந்த ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அன்று போன தனிப் பங்கு நமக்கு 2007இல்தான் திரும்பியது. ஐம்பத்தாறு ஆண்டுகள்! இழந்ததை மீட்க எத்தனை தலைமுறை ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தால், கையில் இருப்பதை வீணடிக்க மனம் வராது.

2006இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி சச்சார் குழு அறிக்கையை நமது மேடைகளில் இன்றும் முழங்குகிறோம். நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் படிக்கும் 25 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்று அந்த அறிக்கை சொன்னது. முழங்கினால் போதுமா? அந்த 25 பேரில் இரண்டாவது முஸ்லிமாக யார் போய் உட்காரப் போகிறார்?

நடுவில் விடுபட்ட பிள்ளைகள்

இனி அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது.

இந்தச் சட்டம் அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் உரியது. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் இல்லை. இது நமது சமுதாயத்தை நேரடியாகப் பாதிக்கிறது.

தென் மாவட்டங்களில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்களை எண்ணிப் பாருங்கள். கடையநல்லூர், தென்காசி, மேலப்பாளையம், காயல்பட்டினம்... இங்கெல்லாம் அரசாங்கம் பள்ளி கட்ட முன்வராத காலத்தில் நம் முன்னோர் சொந்தக் காசைப் போட்டுப் பள்ளி கட்டினார்கள். கடை வருமானத்தில் ஒரு பங்கு, அறுவடையில் ஒரு பங்கு, கடல் கடந்து சம்பாதித்ததில் ஒரு பங்கு என்று கொடுத்து எழுப்பிய கட்டடங்கள் அவை. பிறகு அரசு ஆசிரியர் சம்பளத்தை ஏற்றது. அங்கே படிப்பவர்கள் யார்? நெசவாளியின் பிள்ளை, பீடித் தொழிலாளியின் பிள்ளை, தள்ளுவண்டிக்காரரின் பிள்ளை, அவர்களோடு அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவ ஏழைகளின் பிள்ளைகள். பணமுள்ளவர்கள் என்றோ ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள்!

பாட்டனார் ஊருக்குப் பள்ளி கட்டிக் கொடுத்தார். அந்தக் காரணத்தாலேயே பேரனுக்கு ஏழரை சதவீதம் இல்லை. கட்டாமல் இருந்திருந்தால் அரசே ஒரு பள்ளி திறந்திருக்கும். பேரனும் தகுதி பெற்றிருப்பான். தர்மம் செய்தவன் குடும்பத்துக்குத் தண்டனையா? இது என்ன நியாயம்?

உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்றல்ல என்று வாதிடுகிறார்கள். வாதத்தை மதித்துப் பதில் சொல்வோம். அரசே இந்த இரண்டையும் பல இடங்களில் ஒன்றாகத்தான் பார்க்கிறது. பாடநூல் இரண்டுக்கும் இலவசம். மிதிவண்டி இரண்டுக்கும் உண்டு. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்தநாளில், ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியபோது உதவி பெறும் பள்ளிப் பெண்கள் வெளியே நின்றார்கள். கோரிக்கை எழுந்தது. 2024 டிசம்பர் இறுதியில் தமிழ்வழியில் படித்த உதவி பெறும் பள்ளி மாணவியருக்கும் அது கிடைத்தது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் உதவி பெறும் பள்ளி மாணவர்கள் இடம் பெற்றார்கள்.

சோறு போடும்போது ஏழை என்று தெரிகிறது. ஆயிரம் ரூபாய் தரும்போது ஏழை என்று தெரிகிறது. கல்லூரியில் இடம் தரும்போது மட்டும் கண் மறைத்துவிடுமா?

அந்த இரண்டரை எங்கே?

உதவி பெறும் பள்ளிகளையும் இதே 7.5 சதவீதத்துக்குள் சேர்த்துவிடுங்கள் என்று சிலர் கேட்டார்கள். நீதிமன்றம் வரையும் அந்தக் கோரிக்கை போனது. ஏற்கப்படவில்லை. நாம் அப்படிக் கேட்கவில்லை. காரணம் இருக்கிறது. நகரத்தில் நல்ல பெயரோடு நடக்கும் உதவி பெறும் பள்ளிகளும் உண்டு. அவற்றின் மாணவர்கள் இந்த ஏழரைக்குள் நுழைந்தால், மலையடிவாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளை மறுபடியும் வெளியே தள்ளப்படுவான். ஓர் ஏழையின் தட்டிலிருந்து எடுத்து இன்னோர் ஏழைக்குக் கொடுப்பது நீதியல்ல. நமது மார்க்கம் அதைக் கற்றுத் தரவும் இல்லை.

நீதிபதி கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது 10 சதவீதம். அரசு தந்தது 7.5. மீதி இரண்டரை எங்கே? அந்த இரண்டரையை, உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகக் கொடுங்கள் என்று கேட்கிறோம். அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கு ஒரு துளியும் குறையாது. தமிழ்வழி என்ற வரம்பை அரசே தன் உதவித்தொகைத் திட்டங்களில் வைத்திருப்பதால், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. ஓர் ஆணையத்தை அமைத்து விவரம் திரட்டி, சட்டமன்றத்தில் வைத்தால் நீதிமன்றத்திலும் நிற்கும். விவரம் திரட்டாமல் போட்ட ஆணைகள் என்ன ஆயின என்பதை 2017இலேயே பார்த்துவிட்டோம்.

இந்தக் கோரிக்கை முஸ்லிம்களுக்கு மட்டுமானதல்ல. பாளையங்கோட்டை கிறிஸ்தவப் பள்ளிகளில் படிக்கும் ஏழைக்கும் இது உண்டு. இந்துப் பெருமக்கள் அறக்கட்டளை வைத்து நடத்தும் கிராமத்துப் பள்ளியில் படிப்பவனுக்கும் உண்டு. எனவே அனைவரையும் சேர்த்துக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும்.

கடல் கடந்த இரண்டு நாடுகள்

உலகத்தில் இப்படி எங்காவது உண்டா என்று சிலர் கேட்பார்கள். உண்டு.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், இனத்தைக் கணக்கில் கொண்டு இடம் தருவதை 1996இல் நீதிமன்றம் தடுத்தது. மறு ஆண்டே அங்குள்ள சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி! பணக்கார நகரத்துப் பள்ளியில் முதல் பத்து என்றாலும் சரி, பருத்திக் காட்டு நடுவே இருக்கும் பள்ளியில் முதல் பத்து என்றாலும் சரி. பிள்ளை தன் பள்ளியில் தன்னோடு படித்தவர்களோடு போட்டியிட்டால் போதும். பின்னாளில் ஆஸ்டின் நகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் நெருக்கடி வந்து 2009இல் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். ஆனாலும் சட்டத்தைக் கைவிடவில்லை.

பிரேசில் நாடு இன்னும் துணிந்தது. 2012இல் செய்த சட்டத்தின்படி மத்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் சரிபாதி இடம், உயர்நிலைக் கல்வி முழுவதையும் அரசுப் பள்ளியில் முடித்தவர்களுக்கு. அந்தப் பாதியிலும் ஒரு பாதி வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. கறுப்பின மக்களுக்கும் பழங்குடியினருக்கும் அந்தந்த மாநில மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கும் அதற்குள்ளேயே. அங்கே ஐம்பது; இங்கே ஏழரை. அந்த நாடு ஒன்றும் மூழ்கிப் போய்விடவில்லை.

டெக்சாஸ் பாடத்திலிருந்து நமது இரண்டாவது கோரிக்கை பிறக்கிறது. மருத்துவமும் பொறியியலும் எல்லாருக்கும் வாய்க்காது. கலை, அறிவியல், வணிகவியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கும் ஓர் உறுதி வேண்டும். ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தில் வரும் மாணவ மாணவியருக்கு, தம் மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரியில் கேட்ட பாடத்தில் இடம் உறுதி என்று அரசு அறிவிக்கட்டும். ஒரு பள்ளியில் நூறு பேர் பிளஸ் டூ எழுதினால் பத்துப் பேருக்குக் கதவு திறந்தே இருக்கும். இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'படித்தால் இடம் நிச்சயம்' என்ற தைரியம் பிறக்கும். அந்தத் தைரியம் இல்லாமல்தானே நம் பையன்கள் பதினைந்து வயதில் பாஸ்போர்ட் கனவு காண்கிறார்கள்!

தென்காசிக்கு என்ன?

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. விருதுநகருக்கு வந்தது. இராமநாதபுரத்துக்கு வந்தது. தென்காசிக்கு வரவில்லை. சுரண்டையிலும் கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் இடங்களும் பாடப்பிரிவுகளும் பெருக வேண்டும்.

இதில் பெண் பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். இலத்தூர், அச்சன்புதூர், வடகரை, பண்பொழி போன்ற ஊர்களில் பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் நல்ல மதிப்பெண் எடுப்பவர்கள் பெரும்பாலும் நமது பெண்கள்தாம். தேர்வு முடிவு வந்த மறுமாதம் அவர்களில் பலர் எங்கே? 'தூரமாக அனுப்ப மாட்டோம்' என்கிறார் தகப்பனார். மாலைக்குள் வீடு திரும்பும் தொலைவில் ஒரு கல்லூரியில் இடம் உறுதி என்றால், அந்தத் தகப்பனாரின் வாதம் தானாக உதிர்ந்துவிடும். அருகில் இடம் கேட்பது சொகுசுக்காக அல்ல. அது கிடைத்தால் அவள் படிப்பாள். கிடைக்காவிட்டால் அதோடு படிப்பு முடிந்தது.

வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை

அரசிடம் கேட்பதைக் கேட்டாயிற்று. இனி நாம் செய்ய வேண்டியது.

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல். நமது சகோதரர்களுக்கு வியாபாரக் காலம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வந்து இறங்கும். சிப்ஸ் கடையும் துண்டுக் கடையும் களைகட்டும். பையனையும் கடையில் நிறுத்திக்கொள்வோம். அதே ஜூன், ஜூலையில்தான் கல்லூரி விண்ணப்பங்களும் தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வும்! அருவியில் தண்ணீர் விழும் சத்தத்தில், பிள்ளையின் கலந்தாய்வுத் தேதி காதில் விழாமல் போய்விடுகிறது. சீசன் வியாபாரம் அடுத்த ஆண்டும் வரும். அந்தத் தேதி வராது.

வியாபாரிக்கு முதல் என்றால் என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தில் முதல் என்பது ஏழு வருடம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தொடர்ந்து அரசுப் பள்ளி. இடையில் ஒரே ஒரு வருடம், 'இங்கிலீஷ் நன்றாக வரட்டும்' என்று தனியார் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தால், மொத்த முதலும் போயிற்று. எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பள்ளி மாற்றுவதற்கு முன் இதை நூறு முறை யோசியுங்கள்.

எனவே ஒவ்வொரு மஹல்லாவும் உடனே கையில் எடுக்க வேண்டிய வேலைகள் இவை:

முதலாவது, பட்டியல். உங்கள் ஜமாஅத் எல்லைக்குள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள் யார், எந்தப் பள்ளி என்று ஒரு நோட்டுப் போடுங்கள். நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. சந்தாப் பதிவேடு இருக்கிறது. கல்விப் பதிவேடு எங்கே?

இரண்டாவது, சான்றிதழ். பள்ளிச் சான்றிதழில் 'இஸ்லாம்' என்று மட்டும் எழுதி விட்டுவிடுகிறார்கள். அது போதாது. லெப்பை, இராவுத்தர், மரைக்காயர், தக்கனி, தூதேகுலா, மாப்பிளா, அன்சார், ஷேக், சையது என்று அரசுப் பட்டியலில் உள்ள பிரிவு குறிப்பிடப்பட்டால்தான் 3.5 சதவீதத்தில் இடம். மாநிலச் சான்றிதழ் வேறு. நீட் போன்ற மத்தியத் தேர்வுக்குரிய ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. கலந்தாய்வுக்கு முந்தின நாள் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் கிடைக்காது. பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையிலேயே எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, பயிற்சி. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் போதும். மருத்துவத்துக்கு நீட் உண்டு. ஊரில் பட்டம் பெற்ற இளைஞர்கள் இரவில் இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இயற்பியலும் உயிரியலும் சொல்லித் தரட்டும். மதரஸா கட்டடம் அந்நேரம் காலியாகத்தான் இருக்கிறது. ஜகாத்துக்குத் தகுதியுள்ள ஏழை மாணவரின் புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் உலமாப் பெருமக்களிடம் கேட்டு ஜகாத் நிதியிலிருந்து வழி செய்யுங்கள்.

நான்காவது, அரசுப் பள்ளி. நம் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் அது நம் பிரச்சினை. கழிவறையில் தண்ணீர் வரவில்லையென்றால் அதுவும் நம் பிரச்சினை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. போய் உட்காருங்கள். கேளுங்கள்.

பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுத்தால் அதையே பிணைத்தொகையாக ஏற்றுக்கொண்டார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் என்று வரலாறு சொல்கிறது. அந்நாளில் மதீனாவில் பணத்தேவை இல்லாமலா இருந்தது? பசியோடிருந்த சமுதாயம் அது. அப்படியிருந்தும் பொன்னைவிடப் பிள்ளைகளின் எழுத்தறிவைப் பெரிதாகக் கொண்டார்கள். அந்த நபியின் உம்மத் நாம்!

சகோதரர்களே! ஏழரை நம்மைத் தேடி வந்திருக்கிறது. விடுபட்ட இரண்டரையைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. முன்னதற்கு நமது வீடுகளில் விழிப்பு வேண்டும். பின்னதற்குத் தெருவிலும் சட்டமன்றத்திலும் குரல் வேண்டும். தகுதியோடு வாசலில் வந்து நிற்கும் எந்த ஏழைப் பிள்ளையும், எந்த சமயத்தவராக இருந்தாலும், இடமில்லை என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பக்கூடாது. அதுவரை நமது அமைப்பின் கிளைகள் ஓயக்கூடாது.

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் பத்து நிமிடம் கூடி நில்லுங்கள். கல்விப் பதிவேட்டின் முதல் பக்கத்தை எழுதுங்கள். எத்தனை பெயர் வந்தது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

முயற்சி நம்முடையது. முடிவு அல்லாஹ்வுடையது. வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குக் கல்வியைப் பெருக்கித் தருவானாக! ஆமீன்.